அடுத்த பூசம் வரைக்கும்

பள்ளிக்கூடம் திறந்து மூன்றாம் நாள் காலையில் டிசிப்ளின் அறை வாசலில் பதினொரு பையன்கள் வரிசையாக நின்றார்கள். பதினொரு பேருக்கும் முடி சட்டைக் காலரைத் தொட்டது. பதினொரு பேரும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்கள்.

"விரதம், டீச்சர்."

ரமணி டீச்சருக்கு அது புதிய பதில் இல்லை. கிள்ளானில் இருக்கும் இந்த இடைநிலைப் பள்ளிக்கு அவள் வரலாறு சொல்லிக்கொடுக்க வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. தைப்பூசம் நெருங்கினால் நான்காம் படிவத்தில் முருக பக்தர்கள் மளமளவென்று பெருகிவிடுவார்கள். பூசம் முடிந்து ஒரு மாதம் ஆனாலும் மொட்டையும் இருக்காது, காவடியும் இருக்காது, முடி மட்டும் இருக்கும். போன வருஷம் ஒருத்தனைப் பிடித்துக் கேட்டதற்கு, பத்துமலைக் கோயிலில் முடியிறக்க லைன் ரொம்ப நீளம் என்று திரும்பி வந்துவிட்டதாகச் சொன்னான். முருகன் அந்த ஒரு தலைக்காகக் காத்திருந்து ஏமாந்திருப்பார்.

டிசிப்ளின் வேலையை அவள் கேட்டு வாங்கவில்லை. முன்பு பார்த்தவர் மாற்றலாகிப் போனதும், இந்தியப் பையன்களை ஓர் இந்திய ஆசிரியரே பார்த்துக்கொண்டால் நல்லது என்று ஆசிரியர் கூட்டத்தில் மிக மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். மரியாதையாகச் சொன்னதை எப்படி மறுப்பது? நான்கு வருஷமாகக் கழிவறைக்கு வெளியே நின்று மோப்பம் பிடிப்பதும் அவள் வேலைதான். மாம்பழ வாசம் வந்தாலும் பபிள்கம் வாசம் வந்தாலும் உள்ளே வேப் என்கிற மின்சிகரெட் புகைகிறது என்று அர்த்தம். கணக்கு டீச்சர் மேல் நாற்காலி பறந்த பிறகு அவர் மருத்துவ விடுப்பில் போனவர், இன்னும் திரும்பவில்லை. ரமணியின் காரில், டிரைவர் பக்கக் கதவில், ஒரு கெட்ட வார்த்தையைச் சாவியால் நிதானமாகக் கீறி வைத்திருந்தார்கள். எழுத்துப்பிழை இல்லாமல் அவர்கள் எழுதிய ஒரே வார்த்தை அதுதான் என்று அவள் வீட்டில் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். அந்த நாளிலிருந்து கணவர் கமலநாதன்தான் தினமும் கொண்டுவந்து விட்டு, கூட்டிப் போகிறார். துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் பொழுது போக வேண்டுமே.

பெற்றோரும் மாறிவிட்டார்கள். முன்பெல்லாம் பையனைப் பிடித்தால் அப்பா வந்து, இன்னும் ரெண்டு போடுங்க டீச்சர் என்பார். இப்போது கைபேசியில் படம் பிடித்துக்கொண்டேதான் உள்ளே வருகிறார்கள்.

அதனால் இந்த வருஷம் திங்கட்கிழமை சபைக்கூடலிலேயே அறிவித்துவிட்டாள். உண்மையான விரதம் என்றால் அப்பாவோ அம்மாவோ கோயிலோ ஒரு கடிதம் தர வேண்டும். புதன்கிழமை வரை நேரம். புதன்கிழமை நான்கு கடிதங்கள் வந்தன. அதில் மூன்று ஒரே கையெழுத்து. நான்கையும் வாங்கிக்கொண்டு நான்கு பேரையும் விட்டுவிட்டாள். போராடத் தெம்பில்லை. மற்றவர்களுக்கு அவள் வழக்கமாகச் செய்வதுதான். பிடரிக்குப் பக்கத்தில் ஒரு கொத்து வெட்டுவாள். அந்தக் கோலத்தோடு எவனும் ரோட்டில் நடக்க மாட்டான், சாயங்காலமே முடிவெட்டும் கடைக்குப் போய்விடுவான்.

ஆறு பேருக்கு வெட்டியாகிவிட்டது. வெட்டுப்பட்டவனும் தப்பியவனும் வேடிக்கை பார்க்க அங்கேயே நின்றார்கள். கடைசியாக நின்றவன் கிஷன். மூன்றாம் படிவத்தில் இருந்தபோது வகுப்பில் மேசையைக் கவிழ்த்தவன். போன ஏப்ரலில் நின்றுவிட்டு, இந்தத் திங்கட்கிழமை எங்கிருந்தோ திரும்பி வந்திருந்தான். முடி கழுத்தை மூடியிருந்தது.

"கடிதம் எங்க?"

"இல்ல, டீச்சர்."

"நேத்து கேன்டீன்ல கோழிக்கால் கடிச்சிக்கிட்டு நின்னியே. அதுவும் விரதமா?"

"விரதம் எங்கம்மாக்கு, டீச்சர். எனக்கு முடி மட்டும்தான்."

பத்துப் பேரும் சிரித்தார்கள். நல்ல ஜோக் என்று ஒருத்தன் கை தட்டினான். ரமணிக்குக் காது மடல் சுட்டது. நாலு வருஷக் கோபமும் அந்தச் சிரிப்பில் வந்து சேர்ந்துகொண்டது. இடது கையால் முடியைப் பிடித்தாள், வலது கையால் வெட்டினாள். மற்றவர்களுக்கு வெட்டியதைவிட அதிகமாகவே வெட்டினாள். அதை அவள் பிறகு யாரிடமும் மறைக்கவில்லை.

வெட்டிய பிறகுதான் கையில் எண்ணெய்ப் பிசுக்கை உணர்ந்தாள். நல்லெண்ணெய் வாசம், கூடவே சாம்பிராணி. கொத்தின் அடியில், வெளியே தெரியாமல், மஞ்சள் தடவிய நூல் ஒன்று முடிந்திருந்தது.

மேசையைக் கவிழ்ப்பான் என்று பயந்து ஓர் அடி பின்னால் போனாள். அவன் ஒன்றும் செய்யவில்லை. தரையில் கிடந்ததைப் பார்த்தான், பையை எடுத்துக்கொண்டான், கேட்டைத் தாண்டி நடந்துபோனான். காவலர் கூப்பிட்டதற்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாரும் போன பிறகு ரமணி குனிந்து அந்த முடியைப் பொறுக்கி, பரீட்சைத் தாள் வைக்கும் பழுப்பு உறையில் போட்டு மூடினாள். ஏன் அப்படிச் செய்தோம் என்று அப்போது அவளுக்கே தெரியவில்லை.

வீடியோ பதினான்கு விநாடிதான். யாரோ வரிசையிலிருந்து எடுத்திருந்தான். கோழிக்காலும் சிரிப்பும் அதில் இல்லை. கத்தரிக்கோலும் டீச்சரின் முகமும் இருந்தன. அவள் வீட்டுக்கு வருவதற்குள் மகள் தாமரைக்கு அது மூன்று குழுக்களிலிருந்து வந்திருந்தது. 'முருகன் முடியை வெட்டிய டீச்சர்' என்று தலைப்பும் வைத்துவிட்டார்கள். தாமரையும் அதே பள்ளியில்தான் ஐந்தாம் படிவம். அவள் அம்மாவைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை, தட்டில் சோறு போட்டுவைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் பொங்கல். கார் நிறுத்தும் இடத்தில் கேஸ் அடுப்பை வைத்து, இரண்டு கரும்பைக் கம்பிக் கதவில் கட்டி, வழக்கம்போலப் பானை ஏற்றினார்கள். காலையிலேயே மழை வரும்போல் புழுக்கம். பால் பொங்கி வழிந்த அதே நேரத்தில் அவள் கைபேசியும் மேசை மேல் துடித்துக்கொண்டிருந்தது. கமலநாதன் "பொங்கலோ பொங்கல்" என்று ஒருமுறை தனியாகச் சொல்லிப் பார்த்தார். கூடச் சொல்ல ஆளில்லாமல் நிறுத்திக்கொண்டார்.

பள்ளித் தலைமையாசிரியையிடமிருந்து செய்தி. திங்கட்கிழமைக்குள் எழுத்து மூலம் விளக்கம் வேண்டும், மாவட்டக் கல்வி அலுவலகம் கேட்கிறது. அடுத்து ஆசிரியர் சங்கத்துத் தோழி பேசினாள். அந்தப் பையன் வீட்டுக்கு மட்டும் போய்விடாதே, போனால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றாள். பையனின் மாமா ராஜன் என்பவர் போலீசில் ரிப்போட் கொடுத்துவிட்டார் என்றும் அவள்தான் சொன்னாள். ராஜன் அந்த ரிப்போட்டைப் படம் எடுத்து முகநூலிலும் போட்டிருந்தார்.

கமலநாதன் வெண்பொங்கலில் நெய்யை ஊற்றிக்கொண்டே பேசினார்.

"முருகனே விட்டாலும் வாட்ஸாப் விடாது, ரமணி. போதும்லா. ஒப்ஷன் பென்ஷனுக்கு எழுதிப் போடு, முன்கூட்டியே வெளிய வந்துடு. ஐம்பத்திரண்டு ஆச்சு, பிரஷர் மாத்திரை ரெண்டு சாப்பிடுற. யாருக்காக இப்படி நின்னு சாகணும்?"

"தப்பு பண்ணிட்டு ஓடிப் போற மாதிரி இருக்குங்க."

"ஓடலன்னா மட்டும் என்ன, மாலை போடப் போறாங்களா?"

அவர் ஏற்கெனவே ஓய்வு விண்ணப்பப் பாரத்தை அச்செடுத்து வைத்திருந்தார். பெயர், அடையாள அட்டை எண், வேலையில் சேர்ந்த தேதி எல்லாம் அவர் கையெழுத்தில் நிரம்பியிருந்தது. அவள் கையொப்பம் மட்டும்தான் பாக்கி. அந்தத் தாளைக் குளிர்பெட்டி மேல் வைத்தார். அன்று முழுக்க ரமணி குளிர்பெட்டியைத் திறந்து திறந்து மூடினாள். ஒன்றையும் எடுக்கவில்லை.

விளக்கக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதினாள். அதைக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனால், உட்காருடா என்று சொன்னதற்கு ஒரு பையன், "வெட்டிடுவீங்களா, டீச்சர்?" என்று கேட்டான். இரண்டு விரலைக் கத்தரிக்கோல் போலச் சேர்த்துச் சேர்த்துப் பிரிப்பது புது வணக்கமாகிவிட்டது. நடைவழியில் போகும்போது முன்னாலும் பின்னாலும் விரல்கள் வெட்டின. ஓய்வறையில் மலாய் ஆசிரியைகள் அன்பாகத் தோளைத் தொட்டார்கள். அதுகூட அவளுக்குத் தாங்கவில்லை. நடக்காமல் இருக்க முடியவில்லை, எங்கே நடப்பது என்றும் தெரியவில்லை. வருகைப் பதிவில் கிஷன் பெயருக்கு எதிரே ஒவ்வொரு நாளும் பூஜ்யம் விழுந்தது.

ஏழாவது பூஜ்யத்துக்கு மறுநாள், சனிக்கிழமை, தோழி சொன்னதை மீறிக் கிளம்பினாள். கமலநாதன் கூடாது கூடாது என்று சொல்லிக்கொண்டே கார் சாவியை எடுத்தார். பையன் வீடு இருக்கும் காப்பார் வரை அதையே சொல்லிக்கொண்டு ஓட்டினார். லோரிக்குப் பின்னால் லோரியாக ரோடு நகரவே இல்லை. செம்பனைத் தோட்டத்தைத் தாண்டியதும் மின்நிலையத்துப் புகைபோக்கிகள் தெரிந்தன. வரிசை வீடுகளில் கடைசி வீடு. வாசலில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது.

கிஷனின் அம்மா சந்திரகலா கையுறைத் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். நாற்பது வயதுகூட இருக்காது. நாள் முழுக்கக் கையுறைக்குள் இருந்த விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. வாங்க டீச்சர் என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கமலநாதன் வெளியிலேயே நின்றுகொண்டார். அடுப்பில் வெங்காயம் போடாத பருப்பு கொதித்தது. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது, அதற்குப் பின்னால் கைபேசி விளையாட்டில் துப்பாக்கி சுடும் சத்தம் கேட்டது.

"நான் பண்ணது தப்பு, சந்திரகலா," என்றாள் ரமணி. வழியெல்லாம் கோத்து வைத்த மற்ற வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. "அவன் சொன்னத நான் கிண்டல்னு நெனச்சிட்டேன்."

வெளியே கமலநாதன் இருமினார்.

சந்திரகலா தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். கோபப்படக்கூடத் தெம்பில்லாமல் பேசினாள்.

"அவன் சொன்னது நெசந்தான், டீச்சர். போன வருஷம் ஸ்கூல் வேணாம்னு நின்னுட்டான். ஒரு கூட்டத்தோட சுத்துனான். ரெண்டு தடவ போலீஸ் வந்து கதவத் தட்டுச்சு. பத்துமலைக்குப் போனேன், படியேறி வேண்டிக்கிட்டேன். வர்ற வருஷம் திரும்ப ஸ்கூலுக்குப் போனான்னா பூசத்துக்கு அவன் முடியக் கொடுக்கிறேன்னு. இவன்கிட்ட வந்து சொன்னா, கோழிய விட மாட்டேன், முடிய வேணா வச்சிக்கோங்கிறான். சரிடா, சோத்த நான் விடுறேன், நீ முடிய விடுன்னேன். அதுதான் எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு."

"கடிதம் கேட்டிருந்தேன்."

"சொல்லல, டீச்சர். சொல்லியிருந்தா லீவு போட்டு நானே வந்திருப்பேன்."

சந்திரகலா எழுந்து அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நான்தான் எண்ணெ தேச்சி விடுவேன்," என்றாள் சந்திரகலா. "மத்த நேரம் எம் மூஞ்சப் பாக்க மாட்டான், கேட்டதுக்குப் பதில் சொல்ல மாட்டான். அந்த அர மணி நேரம் தலையக் குனிஞ்சி எம் முன்னாடி உக்காந்திருப்பான். அதுக்காகவே நான் ஞாயித்துக்கெழம ஓவர்டைம் போகல."

ரமணி கைப்பையிலிருந்து பழுப்பு உறையை எடுத்து நீட்டினாள். சந்திரகலா பிரித்துப் பார்த்தாள். மஞ்சள் நூலை மெதுவாக அவிழ்த்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். முடியை மறுபடி உறைக்குள் போட்டு ரமணியிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"கத்தரிக்கோல் பட்டத சாமிக்கு வைக்க முடியாது, டீச்சர். நீங்களே வச்சிக்குங்க." குரலில் குத்தல் இல்லை. அதனால்தான் அது ரமணிக்கு அப்படிக் குத்தியது. "மன்னிப்பெல்லாம் எனக்கு வேணாம். எந்தம்பி ரிப்போட் கொடுத்தது அவன் வீம்புக்கு. இவன் ஸ்கூலுக்கு வரணும். அதுக்கு ஏதாச்சும் பண்ணுங்க."

ரமணி எழுந்து சாத்திய கதவுக்கு முன்னால் போய் நின்றாள். பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ கதவைத் தட்டித் திட்டியிருக்கிறாள். ஒரு பையனிடம் கெஞ்சுவதற்கு அவளுக்கு வார்த்தை பழக்கமில்லை.

"கிஷன், டீச்சர் வந்திருக்கேன். நான் அவசரப்பட்டுட்டேன்ப்பா. திங்கக்கெழம வா."

துப்பாக்கிச் சத்தம் நின்றது. பிறகு சத்தம் முன்னைவிடப் பெரிதாகத் தொடங்கியது.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. கமலநாதன் ரோட்டோரக் கடையில் நிறுத்தி, இரண்டு தே தாரே டீயைப் பையில் கட்டி வாங்கினார். அவள் குடிக்காமல் பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் குளிர்பெட்டி மேலிருந்த தாளை எடுத்துக் கையொப்பம் போட்டாள். பூசத்துக்கு அடுத்த வேலை நாளில் கொடுத்துவிடலாம் என்றாள். அவர் ஜெயித்த முகத்தோடு இல்லை. சரி, நானே வந்து நிக்கிறேன், கொடுத்துட்டு வந்துடு, டாக்டரையும் பார்த்துட்டு வந்துடலாம் என்றார்.

திங்கட்கிழமை கிஷன் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை.

தைப்பூசம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. வருஷா வருஷம் கம்யூட்டர் ரயில் பிடித்துப் பத்துமலைக்குப் போய்ப் படியேறுகிறவள், கூட்டத்தில் யாராவது அடையாளம் கண்டு இரண்டு விரலை ஆட்டுவார்களோ என்று பயந்து வீட்டிலேயே இருந்தாள். தாமரை தோழிகளோடு போய்வந்து, விபூதியை அம்மா நெற்றியில் தானே பூசினாள். பிறகு, "அந்த வீடியோவை அனுப்புனவள பிளாக் பண்ணிட்டேம்மா," என்றாள். பதினெட்டு நாளில் அவள் அதைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை. ரமணிக்கு அது போதுமாக இருந்தது.

விடுமுறை கழிந்து செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணிக்கு ரமணி கேட்டில் நின்றாள். அன்று அவள் முறை. கையில் பெயர் எழுதும் நோட்டு. எதிரே காருக்குள் கமலநாதன், கையொப்பமிட்ட பாரத்தோடு. கடிதம் கொடுத்துத் தப்பித்த நான்கு பேரில் மொட்டையோடு வந்தவன் ஒருத்தன்தான். மற்ற மூன்று பேரும் அதே முடியோடு, தூரத்திலேயே டீச்சரைப் பார்த்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினார்கள். இதுதான் நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். நோட்டைத் திறந்தாள்.

பழைய மோட்டார் ஒன்று கேட்டுக்கு நேரே வந்து நின்றது. பின்னாலிருந்து இறங்கியவன் கிஷன். வெள்ளைச் சட்டை, பச்சை நிறக் கால்சட்டை, பழைய பை. முடி அப்படியே இருந்தது. ஒரு பக்கம் கழுத்தை மூடியிருந்தது, ஒரு பக்கம் அவள் வெட்டிய இடம் பள்ளமாகத் தெரிந்தது. இருபது நாளாக அவன் அதைச் சரிசெய்துகொள்ளவில்லை.

சந்திரகலா மோட்டாரை நிறுத்திவிட்டுத் தலைக்கவசத்தைக் கழற்றினாள்.

மொட்டை. சந்தனம் காய்ந்து காதோரம் உதிர்ந்துகொண்டிருந்தது. அந்த முடியில்லாத தலை ரமணியின் நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவதுபோல் இருந்தது. ஓர் அடி பின்னால் போனாள். நடைவழியில் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்த பையன்களும் நிறுத்தினார்கள்.

"சாமிக்குச் சொன்ன வாக்கு, சும்மா இருக்க முடியாதில்ல, டீச்சர்," என்றாள் சந்திரகலா. "இந்த வருஷத்துக்கு எம்முடி. அவனோடது மொதல்லேருந்து வளரட்டும், அடுத்த பூசத்துக்குக் கொடுக்கிறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். முடிய எறக்கிட்டு வந்து நின்னேன். பாத்துட்டு ஒண்ணும் பேசல. இன்னைக்குக் காலைல அவனே யூனிபார்ம் போட்டுக்கிட்டான்."

பையிலிருந்து நான்காக மடித்த நோட்டுத் தாளை எடுத்துக் கொடுத்தாள். பள்ளிக்கூடத்து டீச்சருக்கு என்று தொடங்கி, கோணல் கோணலான எழுத்தில் மூன்று வரி. என் மகன் கிஷன் முடி அடுத்த வருஷம் தைப்பூசம் வரை வளர்க்க வேண்டும், வெட்ட வேண்டாம், இப்படிக்கு அம்மா சந்திரகலா.

"நீங்க கேட்ட கடுதாசி," என்றாள்.

ரமணி அதைப் படித்தாள். சுவரோரத்து மூன்று பேரும் இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடியை ஒட்ட வெட்டியிருந்த ஆறு பேரில் ஒருத்தன் தைரியமாகக் கேட்டான், "அவனுக்கு மட்டும் என்ன, டீச்சர்?" என்று. யாரோ கைபேசியைத் தூக்கிப் பிடிப்பதும் தெரிந்தது. இவனை உள்ளே விட்டால் நாளைக்கு நோட்டுக்கு மரியாதை இருக்காது. பள்ளிக்கூடம் முழுக்க விரதம் இருக்கும். அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

"அவன் கடிதம் கொண்டு வந்திருக்கான்," என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "உள்ள போ, கிஷன்."

கிஷன் அவளைத் தாண்டும்போது ஒரு விநாடி நின்றான். முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையிலிருந்து மாம்பழ வாசம் லேசாக வந்தது. அதுவும் நல்லெண்ணெயும் கலந்து வந்தது. வேப்பைப் பற்றி இன்னொரு நாள் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டாள்.

"பூசம் வரைக்கும் தொடாதீங்க, டீச்சர்," என்றான். கேட்கிறானா, மிரட்டுகிறானா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல். பதில் வரும்வரை நகரவும் இல்லை.

"தொட மாட்டேன். யாரையும் தொட விடவும் மாட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. சந்திரகலா தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, ஷிப்டுக்கு நேரமாச்சு டீச்சர் என்று மோட்டாரை உதைத்துக் கிளப்பினாள். வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது.

ரமணி ரோட்டைக் கடந்து காருக்குப் போனாள். கமலநாதன் கண்ணாடியை இறக்கி, பாரம் வைத்த உறையை நீட்டினார். அவரும் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். அவள் உறையை வாங்கவில்லை. அடுத்து வருகிற டிசிப்ளின் டீச்சருக்கு அந்தத் தலை வெறும் நீள முடி. முதல் நாளே வெட்டிவிடுவார். சரியாகத்தான் செய்வார்.

"உள்ளயே வைங்க," என்றாள்.

அவர் உறையைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், தலையை வெளியே நீட்டி, கதவில் இன்னும் பெயின்ட் அடிக்காத கீறலைப் பார்த்தார்.

"எத்தன நாளைக்குன்னு நெனப்பு?"

"ஒரு வருஷம்."

"இந்தப் பசங்களோட ஒரு வருஷமா, ரமணி?"

மணி அடித்தது. நடைவழியில் யாரோ இரண்டு விரலை அவளைப் பார்த்து வெட்டினான். அவள் நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சுவரோரம் நின்ற மூன்று பேரைக் கூப்பிடப் போனாள்.